நட்பாலா, அச்சத்தாலா

"ஆவுடை கட்சிதான் ஜெயிச்சுதுன்னு அவன்கிட்ட சொல்லிரு" என்று கோமதிநாயகம் சாவதற்கு முந்தின நாள் தன் மனைவியிடம் சொல்லியிருக்கிறான். சண்முகவடிவு அதை மறக்காமல் வைத்திருந்து, நீர்மாலை எடுத்து வந்து எல்லாம் முடிந்து பிணத்தைத் தூக்கப்போகிற நேரத்தில், அழுகிற பெண்களுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்து, அடுக்களை வாசலில் ஆவுடையப்பனைக் கூப்பிட்டுச் சொன்னாள். "என்ன கட்சின்னு எனக்குத் தெரியலை அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியும்னாவ." பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குரலை இறக்கி, "கடைசியில ரொம்பப் பயந்துட்டாவ. லைட்டை அணைக்க விடலை. பிடிச்ச கையை விடலை. வடிவு, எனக்குப் பயமாருக்குட்டின்னு பச்சப்பிள்ளை மாதிரி சொன்னாவ. உங்ககிட்ட மட்டும்தான் இதைச் சொல்லுதேன், பிள்ளைகளுக்குத் தெரியாது" என்றாள். ஆவுடையப்பன் "சரி மதினி" என்றார். பட்டிமன்ற மேடையில் தன் கட்சி ஜெயித்ததாகச் சொன்னால் வழக்கமாக அவர் கையெடுத்துக் கும்பிட்டு, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். கை தன்பாட்டுக்குத் துண்டு வரைக்கும் போய்விட்டது. அதைப் பிடித்து இறக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். அதற்குள் சங்கு ஊதிவிட்டார்கள்.

அமரர் ஊர்தி தெருமுனையில் திரும்பியது. சங்கு ஊதுகிறவர் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே சங்கை நீட்டி ஊதிக்கொண்டு வந்தார். வேகத்தடை வரும்போதெல்லாம் ஊதுவது பாதியில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. நடுவில் கோமதிநாயகம் கிடந்தான். இரண்டு பக்கமும் இரும்புப் பலகை, அதில் பங்காளிகளும் மச்சினன்மாரும். தலைமாட்டில் மகன் குமரேசன், ஈர வேட்டியும் குறுக்கே போட்ட துண்டுமாகக் குனிந்து உட்கார்ந்திருந்தான். ஆவுடையப்பனுக்குக் கால்மாட்டில் இடம் கிடைத்தது. கிடைத்தது என்ன, அவரே பார்த்துத்தான் அங்கே போய் உட்கார்ந்தார். காலையில் வந்ததிலிருந்து அவர் கோமதியின் முகத்தைப் பார்க்கவில்லை. மாலை போடும்போதுகூடக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, நெஞ்சுக்கு நேரே உத்தேசமாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். நாடியைச் சுற்றித் தலைக்கு மேலே வெள்ளைத் துணியால் கட்டியிருப்பது மட்டும் ஓரக்கண்ணில் பட்டது. வாய் திறந்துவிடக் கூடாது என்று எல்லோருக்கும் கட்டுகிற கட்டுதான். ஆனாலும் கோமதியின் வாயையா? இருக்கட்டும், அவசரம் ஒன்றும் இல்லை. சுடுகாட்டில் கடைசியாக 'முகம் பாக்கிறவங்க பாத்துக்கிடுங்க' என்று ஒரு குரல் கொடுப்பார்கள். எல்லோரும் பார்த்துவிட்டுப் போனபிறகு கடைசி ஆளாக நின்று பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்குக் கால்கள் போதும். இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மஞ்சள் பூசியிருந்தார்கள். இடது குதிகாலில் பித்தவெடிப்பு. அந்தக் குதிகாலை அவருக்குத் தெரியும். மேடையில் அவர் பேச்சு நீண்டுவிட்டால், பின்னால் நாற்காலியில் இருக்கிற கோமதி அந்தக் குதிகாலால் பலகையில் மெல்லத் தட்டுவான். போதும் வே, முடிச்சிரும் என்று அர்த்தம். கூட்டத்துக்குக் கேட்காது. பலகை வழியாக ஆவுடையப்பனின் உள்ளங்காலுக்குக் கேட்கும். உடனே அடுத்த வாக்கியத்தில் முடித்துவிடுவார், கைதட்டல் விழும். இப்போது அந்தக் கால்கள் ஊர்தியின் குலுக்கலுக்குச் சேர்ந்து ஆடின, கூடவே பூவும் பொரியும் ஆடின.

என்ன கட்சி என்று வடிவுக்குத் தெரியாததில் வியப்பில்லை. புருஷன் பேசுகிற பட்டிமன்றம் ஒன்றுக்குக்கூட அவள் வந்ததில்லை. வீட்டில் பேசுவது போதாதா என்பாள். தபாலாபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் ஆவுடையப்பனும், தமிழ் வாத்தியார் வேலை போக மிச்ச நேரத்தில் கோமதியும், கோவில் கொடைத் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டுவிழா, நூலக வாரம் என்று எதையும் விடாமல் பேசினார்கள். கொடையில் பெரியவன் யார், கற்பில் பெரியவள் யார் என்று கேட்டுக் கேட்டு ஊர்களுக்கு அலுத்துப்போயிருந்த காலம். ஒரு வாசகர் வட்டத்துக்காரர்கள் புதுசாக ஏதாவது வேண்டும் என்றபோது கோமதிதான் எங்கிருந்தோ அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு வந்தான். இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருந்த ஒரு பழைய நாடு, களிமண் பலகையில் ஆணி குத்தினதுபோல் எழுதிவைத்த காவியம். அதில் ஓர் அரசன், அடங்காப்பிடாரி. அவனுக்குக் காட்டிலிருந்து ஒரு தோழன் வருகிறான். முதலில் கட்டிப்புரண்டு சண்டை போடுகிறார்கள், பிறகு பிரியாத நண்பர்கள் ஆகிறார்கள். சேர்ந்து போய்ப் பூதத்தைக் கொல்கிறார்கள். அந்தக் குற்றத்துக்காகத் தெய்வங்கள் தோழனை நோயில் படுக்கவைத்துச் சாகடிக்கின்றன. அரசன் பிணத்தைப் புதைக்கவிடாமல் பக்கத்திலேயே இருந்து அழுகிறான். ஒருநாள் பிணத்தின் மூக்கிலிருந்து ஒரு புழு விழுகிறது. அன்றைக்கு எழுந்து, அரண்மனையை விட்டு, சாவாமல் இருக்க மருந்து தேடிப் புறப்படுகிறான். காடு, மலை, வெளிச்சமே இல்லாத குகை, தொட்டால் ஆளைக் கொல்லும் கடல், எல்லாம் தாண்டிப் போய்க் கடைசியில் ஒரு செடியைக் கண்டுபிடிக்கிறான். வருகிற வழியில் அவன் குளிக்கிற நேரம் பார்த்து ஒரு பாம்பு வந்து அதைத் தின்றுவிட்டுத் தன் சட்டையை உரித்துப்போட்டுவிட்டுப் போகிறது. வெறுங்கையோடு ஊர் திரும்புகிறான். கதை அவ்வளவுதான். கேள்வி இதுதான்: அரசன் புறப்பட்டது நட்பாலா, அச்சத்தாலா? வெற்றிலைத் தட்டில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். கோமதிக்கு நட்பு வந்தது. ஆவுடையப்பனுக்கு அச்சம் வந்தது. அந்தச் சீட்டை அதற்குப் பிறகு யாரும் குலுக்கவே இல்லை. எந்த ஊரிலும் கோமதி முதலில் எழுந்து நட்பு என்று உருக்குவான், பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். அடுத்து ஆவுடையப்பன் எழுந்து அதை உடைப்பார். "புழுவைப் பார்த்தவன் என்ன சொன்னான்? ஐயோ நண்பா என்றானா? ஐயோ, நானும் இப்படித்தானா என்றான்! ஓடினான் ஐயா, ஓடினான்!" என்று துண்டை இடுப்பில் வரிந்துகொண்டு மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடிக் காட்டுவார். சிரிப்பில் பந்தல் ஆடும். அதற்கு மேல் நடுவர் என்ன தீர்ப்புச் சொன்னாலும் கூட்டம் தீர்ப்பைச் சொல்லி முடித்திருக்கும். திரும்பி வரும் பஸ்ஸில் கோமதி, "உம்ம புழு இன்னைக்கு நல்லா விழுந்தது வே" என்பான்.

உம்ம புழு என்பான். ஆனால் புழு ஆவுடையப்பனுடையது இல்லை. அதுவும் கோமதி கொடுத்ததுதான். முதல் கூட்டத்துக்குப் போகும்போது கடைசி சீட்டில் குலுங்கிக்கொண்டே, "மூக்குல இருந்து புழு விழுகிற இடத்துல என்னைப் பிடியும். நான் அதைச் சொல்லாம விட்டுட்டுப் போறேன். நீரு எடுத்துக்கிடும்" என்று சொல்லித் தந்தான். தன்னை வெட்டுகிற அரிவாளைத் தானே தீட்டிக் கையில் கொடுத்துவிட்டுக் கழுத்தை நீட்டுகிற ஆள். அதெல்லாம் தொழில். மல்யுத்தக்காரர்கள் பேசிவைத்துக்கொண்டு விழுவதில்லையா? ஆனால் இது, வடிவிடம் சொல்லி அனுப்பினது, எந்தக் கணக்கில் வரும்? ஆவுடை கட்சிதான் ஜெயிச்சுது. மெய்யாகவே தோற்றேன் என்கிறானா? பயம்தான் வே எல்லாம், கடைசியில் நட்பும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை, பயம் ஒன்றுதான் மிச்சம், நீரு சொன்னதுதான் சரி என்கிறானா? அப்படியென்றால் அதை முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே. இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனாரே. இரண்டு தடவையும் அவன் வேடிக்கைதான் பேசினான். "எமன் வந்தா உம்ம பேச்சை ஒரு சுத்துக் கேட்கச் சொல்லுவேன். அவன் தூங்கிருவான், நான் எழுந்து வந்துருவேன்" என்றான். நர்ஸ் சிரித்தாள். ஆவுடையப்பனும் சிரித்தார், நிம்மதியாகச் சிரித்தார். தலைக்கு மேலே தொங்கின பாட்டிலில் சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். விளக்கை அணைக்காதே என்று பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்ட மனுஷன், அவரிடம் எமனைத் தூங்கவைத்தான். அவர் பார்க்கக் கூடாது என்று இருந்திருக்கிறான். இல்லை, அவர் பார்க்கமாட்டார் என்று தெரிந்து இருந்திருக்கிறான். இரண்டும் ஒன்றல்ல. எது? வாழ்நாளெல்லாம் பேசிக்கொண்டே இருந்த இரண்டு பேரில் ஒருவன் மெய்யாகச் சொன்ன ஒரே ஒரு வார்த்தை, மூன்றாம் ஆள் வழியாக, அடுக்களை வாசலில் வந்து சேருகிறது. அல்லது அதுவும் கிண்டல்தானோ? இந்தாரும், இதையும் வச்சுக்கிடும், உம்ம வெற்றிக்குச் சாட்சி என்று செத்த பிறகும் ஒரு புழுவை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறானோ? யாரைக் கேட்பது? இதைக் கேட்கக்கூடிய ஒரே ஆள் முன்னால் வாய் கட்டிக் கிடக்கிறான்.

"அண்ணாச்சி." பக்கத்திலிருந்த பண்டாரம் முழங்கையால் இடித்தான். பண்டாரம் வடிவின் தம்பி, பாத்திரக்கடை வைத்திருக்கிறான், பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தும் வெற்றிலையை நிறுத்தவில்லை. "அங்க போய் நீங்கதான் பேசணும், கேட்டியளா. வாத்தியார்மாரெல்லாம் வந்திருக்காவ. அத்தான் கூட்டத்துக்கு வாறவனெல்லாம் வந்திருக்கான்." "நான் என்னத்தப் பேச பண்டாரம்." "நல்ல கதையா இருக்கே! மைக்கைக் கண்டா விடமாட்டிய, இன்னைக்கு என்னத்தப் பேசங்கிய." எதிர்ப்பலகையில் ஒரு பங்காளி, "மைக்கு கிடையாதாம்லா அங்க" என்றார். "அண்ணாச்சிக்கு மைக்கு எதுக்கு? அத்தானும் அவங்களும் பேசினா அடுத்த ஊர்ல மாடு மிரளும்" என்றான் பண்டாரம். இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டு, குமரேசனைப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள். குமரேசன் நிமிர்ந்தான். கண் வீங்கியிருந்தது. "பேசுங்க சித்தப்பா. அப்பாவைப் பத்தி நீங்க சொன்னாத்தான் சொன்னதா இருக்கும்" என்றான். ஆவுடையப்பன் தலையை ஆட்டினார். ஆட்டின பிறகுதான் பேச ஒன்றுமே இல்லை என்று உறைத்தது.

ஏனென்றால் ஆவுடையப்பன் முதலில் பேசினதே இல்லை. அவர் பேச்சு எல்லாமே பதில் பேச்சு. எதிரில் ஒருவன் ஒன்றைச் சொல்லி உட்கார்ந்தால் போதும், அதில் எங்கே விரிசல் இருக்கிறது என்று அவருக்குத் தானாகத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் வெளுத்துவாங்கிவிடுவார். யாரும் ஒன்றும் சொல்லாமல் 'நீ பேசு' என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவை கோமதி மழையில் மாட்டிக்கொண்டு வரமுடியாமல் போனபோது, இவரை முதலில் பேசச் சொன்னார்கள், தண்ணீர் குடித்துத் தண்ணீர் குடித்தே இறங்கிவிட்டார். இன்றைக்கும் கோமதி வரவில்லை. வந்திருக்கிறான், ஆனால் வரவில்லை. நல்லவர், பண்பாளர், நகைச்சுவை உணர்வு மிக்கவர் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். மற்றவர்கள் அதைத்தான் சொல்லப்போகிறார்கள். அவன் காதில் விழுந்தால் குதிகாலைத் தட்டியே பலகையை உடைத்துவிடுவான். அழலாம். அழுதால் பேசவேண்டியதில்லை. ஆனால் அழுகையும் வரவில்லை. சேதி கேட்டதிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அழுகைக்குப் பதிலாக வேறொன்று வருகிறது. இடது தோளுக்குக் கீழே ஒரு சுருக். விரலை வைத்தால் ஒன்றுமில்லை, எடுத்தால் சுருக். கோமதிக்கும் இங்கேதான் தொடங்கியது என்றார்கள். இல்லை, அவனுக்கு வயிறு. வயிற்றில் தொடங்கி மேலே ஏறினது. தனக்கும் காலையில் வயிறு சரியில்லை. காப்பி மட்டும் குடித்ததால் இருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே வயது. நோட்டீசில் இரண்டு பேர் பெயரையும் ஒரே வரியில்தான் அடிப்பார்கள். ஜோடி மாட்டில் ஒன்று விழுந்துவிட்டால் இன்னொன்றை எவன் சந்தையில் பிடிப்பான்? சே, என்ன நினைப்பு இது. அவன் செத்துக் கிடக்கிறான், நான் என் வயிற்றைத் தடவிக்கொண்டிருக்கிறேன். ஐயோ, நானும் இப்படித்தானா. ஊர் ஊராக ஓடிக் காட்டினது இதுதானே. அரசன் ஓடினபோது சிரித்தார்களே, அவர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள்? துண்டை வரிந்து கட்டிக்கொண்டு ஓடின கோமாளி தன்னையே நடித்துக்கொண்டிருந்தான், தெரியாமல். தெரிந்துதானோ?

ஊர்தி பஸ் ஸ்டாண்டைத் தாண்டியது. டீக்கடையில் நின்ற ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு, ஊர்தி போனதும் திரும்பக் கட்டிக்கொண்டார். ஒரு பிள்ளை தாயின் இடுப்பிலிருந்து சங்குச் சத்தத்துக்குக் கையாட்டியது. வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து கோமதியின் கால்விரல்களில் விழுந்து, முழங்காலுக்கு ஏறி, மாலைமேல் ஏறியது. இன்னும் கொஞ்சம் போனால் முகத்துக்கு ஏறிவிடும். ஆவுடையப்பன் சட்டென்று வெளியே திரும்பிக்கொண்டார். திரும்பின அந்த நொடியில்தான் அது வந்தது. தேடாமல், கூப்பிடாமல், நல்ல பாயிண்ட் எப்போதும் வருகிற மாதிரி பிடரியில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு வந்தது. பயந்தவன் முகத்தைப் பார்க்கமாட்டான். அவ்வளவுதான். பயந்தவன் முகத்தைப் பார்க்கமாட்டான்! புழு விழுந்ததை அரசன் எப்படிப் பார்த்தான்? பார்த்துக்கொண்டே இருந்ததால் பார்த்தான். நாள் கணக்காக அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தவனுக்குத்தான் புழு விழுவது தெரியும். பயந்தாங்கொள்ளி முதல் நாளே மூடிப் புதைக்கச் சொல்லியிருப்பான். புழு வரைக்கும் உட்கார்ந்திருந்தது எது? நட்புதானே? ஐயா, இத்தனை வருஷம் கோமதிக்கு இது தோன்றவில்லையே! இது ஒன்றைச் சொல்லியிருந்தால் ஆவுடையப்பனின் ஓட்டமும் துண்டும் சிரிப்பும் எல்லாம் மண்ணாகப் போயிருக்குமே. அச்சக் கட்சி அன்றைக்கே அவிந்திருக்கும். அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதை உடனே சொல்லவேண்டும், பஸ்ஸில் கடைசி சீட்டில் குனிந்து, இந்தாரும் வே, இங்க என்னைப் பிடியும் என்று கொடுக்கவேண்டும். தலை தானாகத் தலைமாட்டுப் பக்கம் திரும்பப்போய், பாதியில் நின்றது. திரும்பவில்லை. பயந்தவன் முகத்தைப் பார்க்கமாட்டான். அப்படியானால்? பாயிண்டின் மறுபக்கத்தில் ஓர் ஆள் நிற்கிறான். காலையிலிருந்து கால்விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள். அவனை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம். கடைசியில் பார்க்கத்தானே போகிறோம். இப்போது பேச்சு கிடைத்துவிட்டது. அதுவும் எப்படிக் கிடைத்திருக்கிறது! கோமதி முதலில் பேசி முடித்துவிட்டான்: அச்சம்தான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பதில் பேசவேண்டியது ஆவுடையப்பன். எதிர்க்கட்சி காலியாக இருக்கிறது. நட்புக் கட்சி. ஒருவேளை அதற்காகத்தான் சொல்லி அனுப்பினானோ? சுருக் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஆற்றங்கரைத் தகன மேடை என்பது ஒரு தகரக் கூரை, ஒரு உயரமான புகைபோக்கி, சிமெண்டுத் தரையில் பதித்த இரண்டு தண்டவாளம், அதன் கோடியில் சுவரில் ஓர் இரும்புக் கதவு. கோமதியை இறக்கித் தண்டவாளத்தின் மேல் நின்ற தள்ளுவண்டியில் வைத்தார்கள். குமரேசன் குடம் சுற்றி உடைத்தான். காக்கி டவுசர் போட்ட ஆள் வந்து, "முகம் பாக்கிறவங்க பாத்துக்கிடுங்க. பேசுறவங்களும் சுருக்கப் பேசுங்க, இன்னொண்ணு வாசல்ல நிக்கி" என்றார். வரிசை நகர்ந்தது. வாத்தியார்கள், பழைய மாணவர்கள், எந்த ஊரிலோ எந்தக் கொடையிலோ கேட்டுவிட்டு வந்தவர்கள். ஒவ்வொருவரும் ஒரு கணம் நின்று, குனிந்து, பார்த்து, நகர்ந்தார்கள். ஒரு கிழவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். எப்படி அவ்வளவு சுலபமாகப் பார்க்கிறார்கள்? ஆவுடையப்பன் தூணோரமாக நின்று வரிசையின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஆள் நகர்ந்தார். ஆவுடையப்பன் ஒரு அடி எடுத்து வைத்தார். பண்டாரம் கையைப் பிடித்து இழுத்தான். "வாங்க அண்ணாச்சி, ஆட்கள் காத்துக்கிட்டிருக்காவ, வெயில் ஏறுது." "ஒரு நிமிஷம் பண்டாரம்." "பேசிட்டுப் பாருங்க. எங்க போயிரப்போறாவ." எங்கே போய்விடப்போகிறான். அந்தப் பேச்சில் அவருக்கு வந்த ஆறுதல் அவருக்கே கேவலமாக இருந்தது. பேசிவிட்டு, மனசு இளகியபிறகு, தைரியமாகப் பார்க்கலாம். கூட்டத்தைப் பார்க்கத் திரும்பி நின்றார். கோமதி முதுகுக்குப் பின்னால் போய்விட்டான். மேடையிலும் அப்படித்தான், அவன் எப்போதும் பின்னால்தான்.

"நடுவர் அவர்களே" என்றார். வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார். கூட்டத்தில் ஈரமான ஒரு சிரிப்பு ஓடியது. வேண்டுமென்றே சொன்னார் என்று நினைத்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அவரைத் தூக்கி நிறுத்தியது. குரல் வந்துவிட்டது. "எனக்கு முன்னால் பேசிய என் நண்பர் கோமதிநாயகம் ஒரு கருத்தைச் சொல்லி அமர்ந்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் நட்பு, நட்பு என்று பேசியவர், போகும்போது கட்சி மாறிவிட்டார். ஆவுடை கட்சிதான் ஜெயித்தது, அச்சம்தான் ஜெயித்தது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மேடையில் சிங்கம்போல் நின்றவர், கடைசி நாட்களில், விளக்கை அணைக்காதே, எனக்குப் பயமாக இருக்கிறது என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு..." உங்ககிட்ட மட்டும்தான் சொல்லுதேன். அது வாக்கியத்தின் பாதியில் ஞாபகம் வந்தது. முன்வரிசையில் நின்ற குமரேசனின் தலை மெல்ல நிமிர்ந்து, அவரைப் பார்த்தது. அந்தப் பார்வையைக் கண்டார். நிறுத்தியிருக்கலாம். ஆனால் எதிராளியின் கருத்தை முழுசாக எடுத்து வைக்காமல் எப்படி உடைப்பது? கூட்டம் மூச்சுவிடாமல் நின்றது. இவ்வளவு அமைதி எந்தப் பந்தலிலும் கிடைத்ததில்லை. "...பிள்ளைபோல் நடுங்கினார். என் அருமை நண்பரே, உங்கள் கட்சி இன்றைக்கும் தோற்றது! அச்சம் ஜெயிக்கவில்லை. கேளுங்கள். அந்த அரசனை நானே எத்தனை மேடையில் ஓடவிட்டிருக்கிறேன். இன்றைக்கு அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். தோழனின் மூக்கிலிருந்து புழு விழுந்ததை அவன் எப்படிக் கண்டான்? முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்ததால் கண்டான்! பயந்தவன் பிணத்தின் முகத்தைப் பார்ப்பானா? கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுப்பான். இவன் இருந்தான். பகலும் இருந்தான், இரவும் இருந்தான். ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினபோதும் இருந்தான். கண்ணை எடுக்காமல் இருந்தானே, அதற்குப் பெயர் என்ன?"

குமரேசன் வரிசையை விட்டு விலகினான். யாரோ அவன் தோளைத் தொட்டு ஏதோ சொல்ல, தலை குனிந்தபடி ஆவுடையப்பனைக் கடந்து பின்பக்கமாகப் போனான். கோபித்துக்கொண்டு போகிறான், பிறகு காலில் விழுந்தாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், இப்போது நிறுத்தினால் எல்லாம் பாழாகிவிடும். "அதற்குப் பெயர் என்ன?" என்று இன்னொரு தடவை கேட்டார், குரலை இறக்கி, கடைசி வரிசைக்கும் கேட்கிறமாதிரி. முன்னால் நின்ற தலைமையாசிரியர் வாய்விட்டு அழுதார். யாரோ, "நட்பு!" என்று கத்தினார்கள். எங்கிருந்தோ ஒரு கைதட்டல் விழுந்தது. சுடுகாட்டில் தட்டலாமா என்று தயங்கி நின்ற கைகளெல்லாம் அதைத் தொடர்ந்து தட்டின. தகரக் கூரையில் மோதி அது இன்னும் பெரிதாகத் திரும்பியது. பண்டாரமும் அழுதுகொண்டே தட்டினான். ஆவுடையப்பன், கைதட்டல் அடங்குகிறவரை பேசக் கூடாது என்கிற பழக்கத்தில், வலது கையை லேசாக உயர்த்திக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நெஞ்சு நிறைந்து கண்ணில் நீர் வந்தது, காலையிலிருந்து வராத நீர். இப்போது திரும்பலாம். இப்போது பார்த்துவிடலாம். இந்த நிமிஷத்தில் எந்த முகத்தையும் பார்த்துவிடலாம். பின்னால் இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம் நீளமாகக் கேட்டது. அதையும் கைதட்டல் மூடிக்கொண்டது.

கைகள் ஓய்ந்தன. அவர் திரும்பினார். வண்டி வெறுமையாக நின்றது. அதன் பக்கத்தில் குமரேசன், அணைந்த சூடத் தட்டைப் பிடித்துக்கொண்டு, மூடின இரும்புக் கதவைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றான். தண்டவாளத்தில் நசுங்கிய செவ்வந்திப்பூ ஒட்டிக் கிடந்தது. சுவருக்கு உள்ளே ஏதோ சீறிப் பற்றிக்கொண்டது. காக்கி டவுசர்க்காரர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இவரைப் பார்த்தார்.

"ஆயிட்டு சார். நீங்க பேசுங்க" என்றார்.